காணியில் மாதக்கணக்காக நிற்கும் சென்சர்: சிப்பை நித்திரையாக்கி டைமரால் எழுப்புவது எப்படி

கரன்ட் இல்லாத காணியில் மண்ணின் ஈரத்தை மணிக்கொரு தடவை அளந்து எழுதிவைக்க ஒரு சின்னக் கருவி வேண்டும், ஆனால் பற்றரி மாற்ற அடிக்கடி ஓடித்திரிய முடியாது. அப்படி நினைப்பவர்களுக்குத்தான் இது. ஆர்டுயினோவில் ஒரு எல்.ஈ.டி.யை மின்னவைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

செய்ய வேண்டியது கேட்க லேசு. சிப் வேலை இல்லாத நேரமெல்லாம் நித்திரை கொள்ள வேண்டும், டைமர் தட்டும்போது எழும்பி அளந்துவிட்டு மறுபடி படுக்க வேண்டும். இதற்கான கோட் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எடுத்துப் போட்டால் சிப் படுக்கும், எழும்பாது. இல்லாவிட்டால் ஒழுங்காக எழும்பும், ஆனால் பற்றரி சில கிழமையில் செத்துவிடும். முதலாவதற்குக் காரணம் டைமரைத் தெரிந்தெடுத்த விதம். இரண்டாவதற்குக் காரணம் கோட்டே இல்லை, போர்ட், அதாவது சிப் பொருத்தியிருக்கும் பலகை. இந்த இரண்டிலும் நான் பட்ட பாட்டை மற்றவர்களும் படத் தேவையில்லை.

1. கடைக்குப் போக முன் கணக்கு

எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் பென்ரோச் பற்றரி, அதாவது ஏ.ஏ. அளவு அல்கலைன், மூன்றைத் தொடராகப் போடுவோம். 4.5 வோல்ற்று வரும். ஒன்றின் கொள்ளளவைச் சுமாராக 2000 மில்லியம்பியர் மணி என்று வையுங்கள். மூன்று போட்டால் 6000 ஆகாது. தொடராகப் போட்டால் வோல்ற்றளவுதான் கூடும், கொள்ளளவு அதே 2000.

ஆர்டுயினோ ஊனோ ஏறக்குறைய 45 மில்லியம்பியர் இழுக்கும். 2000 ஐ 45 ஆல் பிரித்தால் 44 மணித்தியாலம். இரண்டு நாள்கூட இல்லை. ஊனோவின் சிப்பை நித்திரையாக்கினாலும் போர்ட்டில் உள்ள யூ.எஸ்.பி. சிப்பும் ரெகுலேற்றரும் (வோல்ற்றளவைச் சீராக்கும் பாகம்) விழித்துக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த வேலைக்கு ஊனோ வேண்டாம், மேசையில் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊனோவில் இருக்கும் அதே ஏடிமெகா328பி சிப், தனியாக, 3 வோல்ற்றில், வாட்ச்டாக் டைமர் (சிப்பை எழுப்பவோ ரீசெட் செய்யவோ கூடிய உள் டைமர்) மட்டும் ஓடும் நிலையில் எடுப்பது 4 மைக்ரோ அம்பியர் சொச்சம். 45 மில்லியம்பியரோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இனி வரும் படிகள் எல்லாம் அந்த எண்ணுக்குக் கிட்டப் போவதற்குத்தான்.

2. எதை வாங்குவது, எவ்வளவு முடியும்

ப்ரோ மினி போர்ட், 3.3 வோல்ற்று, 8 மெகாஹேர்ட்ஸ் வகை. வகையைச் சொல்லிக் கேளுங்கள். 16 மெகாஹேர்ட்ஸ் வகையும் பார்க்க அச்சொட்டாக இப்படியே இருக்கும், கடைக்காரர் எதையாவது போட்டு அனுப்பிவிடுவார். 16 இல் ஓடும் சிப்புக்கு ஏறக்குறைய 3.8 வோல்ற்றாவது வேண்டும். பற்றரி பாதி இறங்கியதுமே அது தடுமாறத் தொடங்கும். 8 இல் ஓடுவது 2.7 வோல்ற்று வரை தாராளமாக நிற்கும். வந்தது எதுவென்று பார்க்க, மென்பொருளில் 8 மெகாஹேர்ட்ஸ் என்று தெரிவுசெய்து, ஒரு செக்கனுக்கு ஒரு தடவை மின்னும் கோட்டை ஏற்றுங்கள். இரண்டு மடங்கு வேகத்தில் மின்னினால் கையில் இருப்பது 16.

அதோடு ஒரு யூ.எஸ்.பி. சீரியல் அடாப்டர் (டி.டி.ஆர். கால் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் கோட் ஏற்றும் ஒவ்வொரு முறையும் ரீசெட் பொத்தானைச் சரியான நொடியில் அமத்த வேண்டி வரும்), கொள்ளளவு முறையில் (கப்பாசிட்டிவ்) அளக்கும் மண் ஈரப்பத சென்சர், மூன்று பற்றரி போடும் கூடு, 100 ஓம் தடையி ஒன்று. இரண்டு முனையும் மண்ணில் தெரியும் மலிவு ஈரப்பத சென்சரை வாங்க வேண்டாம், அது அரித்துப் போகும்.

விலை டொலரோடு ஏறி இறங்கும். எல்லாம் சேர்த்து மூவாயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய்க்குள் அடக்கலாம். ப்ரோ மினியில் மட்டும் இரண்டு எடுங்கள், ஏன் என்று நான்காவது படியில் தெரியும். கொழும்பிலிருந்து கூரியரில் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ சில நாளில் வந்துவிடும். சீனாவிலிருந்து தருவித்தால் மலிவு, ஆனால் கிழமைக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். போகத்துக்கு முன் வேண்டுமென்றால் உள்ளூரிலேயே எடுங்கள். பின்னாளில் வயர்லெஸ் மொடியூல் எதையாவது வெளிநாட்டிலிருந்து இறக்க நினைத்தால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி முதலில் விசாரித்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

இன்னொன்று: 18650 வகை லிதியம் பற்றரியில் 9900 மில்லியம்பியர் மணி என்று அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவு உருளைக்குள் நல்ல கம்பனிகளாலேயே 3500 க்குக் கிட்டத்தான் அடைக்க முடிகிறது.

3. கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணம்

ஏடிமெகா328பி சிப்பின் தரவுத்தாள். மைக்ரோசிப் நிறுவனத்தின் தளத்தில் இலவசம். நூற்றுக்கணக்கான பக்கம், பயப்பட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது இரண்டு இடம்: நித்திரை நிலைகள் பற்றிய அத்தியாயம், ரீசெட் அத்தியாயத்துக்குள் இருக்கும் வாட்ச்டாக் பகுதி. முதலாவதில் ஒரு அட்டவணை உண்டு. எந்த நித்திரை நிலையில் எந்தக் கடிகாரம் ஓடும், எது எழுப்பும் என்று புள்ளடி போட்டுக் காட்டியிருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் பிரின்ட் எடுத்து மேசையில் ஒட்டுங்கள். மிச்சத்தைப் போனில் இறக்கி வையுங்கள், காணியில் நின்றுகொண்டு தேடினால் சிக்னல் கிடைக்காது.

4. போர்ட்டில் கை வைப்பது

ப்ரோ மினிக்குக் கரன்ட் கொடுத்தவுடன் ஒரு எல்.ஈ.டி. எரியும், அணையவே அணையாது. அதுதான் முதல் கள்ளன். அது 1 மில்லியம்பியர் மட்டும் தின்கிறது என்று வைத்தாலும், சிப் நித்திரையில் எடுப்பதைப் போல இருநூறு மடங்கு. 2000 மணித்தியாலத்தில், அதாவது மூன்று மாதம் ஆகுமுன், பற்றரி தீர்ந்துவிடும். எல்.ஈ.டி.யையோ அதன் பக்கத்தில் இருக்கும் சின்னத் தடையியையோ சோல்டரிங் அயர்னால் சூடாக்கி இடுக்கியால் தட்டிவிடுங்கள். 13 ஆம் காலில் இருக்கும் மற்ற எல்.ஈ.டி.யைத் தொட வேண்டாம், அது நாம் சொன்னால்தான் எரியும்.

அடுத்தது ரெகுலேற்றர், ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் இரண்டுமாக ஐந்து கால் உள்ள கறுப்புப் பூச்சி. பற்றரியை நேரே வி.சி.சி. காலில் (சிப்புக்கு நேரடியாகக் கரன்ட் போகும் இடம்) கொடுக்கப் போவதால் இது தேவையில்லை, சும்மா இருந்தும் தின்னும். கழற்றும்போது அவசரப்பட்டு இழுத்தால் கீழே உள்ள செப்புத் தடமும் சேர்ந்து வந்துவிடும். இதற்காகத்தான் இரண்டாவது போர்ட்.

கழற்றிய பிறகு ரோ (RAW) என்று எழுதிய காலுக்கு எதையும் கொடுக்க வேண்டாம். பற்றரியைத் தலைகீழாக மாட்டினால் காப்பாற்ற இனி எதுவும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சிப் 5.5 வோல்ற்று வரை தாங்கும், ஆகவே புதுப் பற்றரி மூன்றின் 4.8 வரையான வோல்ற்றளவு பிரச்சினை இல்லை.

5. எந்த டைமர் எழுப்பும்?

பெரும்பாலானவர்கள் மாட்டுப்படும் இடம் இதுதான். சிப்புக்குள் டைமர் 0, 1, 2 என்று மூன்று உண்டு. புதியவர் டைமர் 1 ஐச் சரியாக அமைத்து, அதன் இன்டரப்டையும் (நேரம் வந்ததும் சிப்பை இடைமறித்து ஓடும் துண்டுக் கோட்) எழுதி, ஆக ஆழமான பவர்-டவுன் நித்திரைக்குப் போவார். சிப் எழும்பாது. பவர்-டவுனில் அந்த டைமரை ஓட்டும் கடிகாரமே நின்றுவிடுகிறது, நின்ற மணிக்கூட்டில் அலாரம் அடிக்காது. டைமர் 1 எழுப்ப வேண்டுமானால் ஐடில் எனும் மேலோட்டமான நித்திரையில் இருக்க வேண்டும், அதில் மிச்சமாவது சொற்பம்.

டைமர் 2 ஐ 32.768 கிலோஹேர்ட்ஸ் கிறிஸ்டலில் ஓட்டி, பவர்-சேவ் நிலையிலிருந்து எழுப்பலாம். ஆனால் அந்தக் கிறிஸ்டலுக்கான கால்களில் ப்ரோ மினியில் ஏற்கெனவே 8 மெகாஹேர்ட்ஸ் உட்கார்ந்திருக்கிறது. இந்த வழியை விட்டுவிடுங்கள்.

மிஞ்சுவது வாட்ச்டாக். அதற்குச் சொந்தமாக 128 கிலோஹேர்ட்ஸ் ஒசிலேற்றர் (துடிப்புத் தரும் கடிகாரம்) இருப்பதால் பவர்-டவுனிலும் ஓடும். குறை இரண்டு. ஒரே மூச்சில் ஆகக் கூடியது 8 செக்கன். நேரம் அவ்வளவு துல்லியம் இல்லை. முதல் குறையை எண்ணிக்கையால் தீர்க்கலாம்: பத்து நிமிடத்துக்கு 75 தடவை, ஒரு மணித்தியாலத்துக்கு 450 தடவை. ஒவ்வொரு முறையும் சில மில்லிசெக்கன் விழித்து எண்ணிவிட்டுப் படுப்பதால் சராசரியில் கூடுவது 1 மைக்ரோ அம்பியருக்குக் கிட்டத்தான்.

ஈ.எஸ்.பி.32 எனும் வேறு வகைச் சிப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குச் செய்தி. அதில் டைமர் எழுப்புவது ஒரே வரி, ஆனால் நேரத்தை மைக்ரோ செக்கனில் கொடுக்க வேண்டும். 3600 ஐ 1000000 ஆல் சாதாரண முழு எண்ணாகப் பெருக்கினால் 32 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்துவிடும். 35 நிமிடம் 47 செக்கனுக்கு மேல் எதைக் கொடுத்தாலும் இதே கதை. எண்ணை 64 பிட் என்று குறிப்பிட்டுப் பெருக்குங்கள். டீப் ஸ்லீப்பிலிருந்து எழும்பும்போது கோட் முதல் வரியிலிருந்து தொடங்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

6. கோட்டை எந்த வரிசையில் எழுதுவது

முதலில் அமைப்பு. இன்டரப்டுகளை நிறுத்துங்கள். வாட்ச்டாக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். எம்.சி.யூ.எஸ்.ஆர். (MCUSR) பதிவேட்டில், அதாவது சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தில், வாட்ச்டாக் ரீசெட் கொடியை (நடந்ததைக் குறிக்கும் பிட்) அழியுங்கள், அது நிமிர்ந்து 1 ஆக இருக்கும்வரை ரீசெட் நிலையை அணைக்க முடியாது. பிறகு வாட்ச்டாக் பதிவேட்டில் டபிள்யூ.டி.சி.ஈ. (WDCE), டபிள்யூ.டி.ஈ. (WDE) பிட்டுகள் இரண்டையும் ஒன்றாக நிமிர்த்துங்கள். அடுத்த வரியிலேயே இன்டரப்ட் பிட்டையும் 8 செக்கனுக்கான பிட்டுகளையும் ஒரே எழுத்தில் போடுங்கள். இரண்டுக்கும் இடையில் சிப் தரும் அவகாசம் நான்கு கடிகாரத் துடிப்புத்தான். இரண்டாவது வரியில் நேரடிச் சமக்குறி போடுங்கள். பழையதோடு சேர்க்கும் குறியைப் போட்டால் அவகாசம் தாண்டிவிடலாம், டபிள்யூ.டி.ஈ. பிட்டும் நிமிர்ந்தே கிடக்கும். எல்லாம் முடிந்ததும் இன்டரப்டுகளைத் திறந்துவிடுங்கள்.

வாட்ச்டாக்குக்கான இன்டரப்ட் செயற்கூறு கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே ஒரு கொடியை நிமிர்த்துவது மட்டும் போதும், அந்த மாறியை வொலட்டைல் (volatile) என்று அறிவியுங்கள். செயற்கூறையே எழுத மறந்தால் கம்பைலர் குறை சொல்லாது. இன்டரப்ட் வந்ததும் கோட் தொடக்கத்துக்குப் பாயும். தொடக்கச் செய்தி எட்டு செக்கனுக்கு ஒரு தடவை திரையில் வந்துகொண்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி ஒவ்வொரு முறை படுக்கும்போதும்: ஏ.டி.சி.யை (சென்சரின் வோல்ற்றளவை எண்ணாக்கும் பகுதி) அணையுங்கள், இது தானாக அணையாது, விட்டால் நூற்றுக்கு மேல் மைக்ரோ அம்பியர் தின்னும். நித்திரை நிலையைப் பவர்-டவுன் என்று வையுங்கள். இன்டரப்டை நிறுத்தி, ஸ்லீப் எனேபிள், பிரவுன்-அவுட் காவலை (வோல்ற்றளவு குறைந்தால் சிப்பை ரீசெட் செய்வது) அணைப்பது, இன்டரப்டைத் திறப்பது, ஸ்லீப் சி.பி.யூ. என்று இதே ஒழுங்கில் எழுதுங்கள். கடைசி மூன்றுக்கும் நடுவில் வேறு எதையும் நுழைக்க வேண்டாம், பிரவுன்-அவுட் அணைப்பு மூன்று துடிப்புக்குத்தான் செல்லும். எழும்பியதும் ஸ்லீப் டிஸேபிள். கொடி நிமிர்ந்திருந்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, 450 ஆகவில்லை என்றால் திரும்பப் படுங்கள்.

7. எழும்பிய பிறகு

போன நேரத்தைச் சொல்லும் ஆர்டுயினோவின் மில்லிஸ் எண்ணி நித்திரையில் ஓடாது. ஒரு மணித்தியாலம் தூங்கி எழும்பினாலும் சில செக்கன்தான் போனதாகச் சொல்லும். நேரக் கணக்கெல்லாம் உங்கள் எண்ணிக்கையில் இருக்கட்டும்.

சென்சருக்குக் கரன்ட்டைப் பற்றரியிலிருந்து நேரே கொடுக்காமல் சிப்பின் ஒரு காலிலிருந்து கொடுங்கள். அது எடுப்பது 5 மில்லியம்பியர் அளவு, கால் தாராளமாகத் தாங்கும். காலை நிமிர்த்தி (ஹை ஆக்கி), சென்சர் நிலைக்கு வர 0.25 செக்கன் விட்டு, ஏ.டி.சி.யைத் திறந்து, முதல் அளவை எறிந்துவிட்டு அடுத்த சிலவற்றின் சராசரியை எடுங்கள். பிறகு காலைத் தாழ்த்துங்கள். அந்த நேரத்தையும் வாட்ச்டாக்கின் 0.25 செக்கன் அமைப்பில் தூங்கியே கழிக்கலாம். பவர்-டவுனில் கால்கள் இருந்த நிலையிலேயே நிற்கும்.

அளவை எங்கே எழுதுவது? தொடக்கத்துக்கு எஸ்.டி. அட்டையும் வேண்டாம், வயர்லெஸும் வேண்டாம். சிப்புக்குள்ளேயே 1024 பைட் ஈப்ரொம், அதாவது கரன்ட் போனாலும் அழியாத நினைவகம், உண்டு. அளவை 0 முதல் 255 க்குள் சுருக்கி மணிக்கு ஒரு பைட் எழுதினால் 42 நாள் வரை கொள்ளும். எழுதி முடிய மூன்று மில்லிசெக்கன் சொச்சம் எடுக்கும், முடிந்ததா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். சீரியலில் எதையாவது அனுப்பினாலும் அப்படியே, ஃபிளஷ் (அனுப்பி முடியும்வரை காத்திருக்கும் கட்டளை) கொடுக்காமல் படுத்தால் கடைசி எழுத்துகள் குதறப்பட்டு வரும்.

வாட்ச்டாக்கை ரீசெட் நிலையில் பயன்படுத்த ஆசைப்படுபவர்களுக்கு: பழைய ப்ரோ மினிகளின் பூட்லோடர் (முதலில் ஓடி, கோட்டை ஏற்ற உதவும் நிரல்) வாட்ச்டாக்கை அணைக்காது. ஒரு தடவை ரீசெட் ஆனால் போர்ட் சுற்றிச் சுற்றி ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். கரன்ட்டை முழுதாக எடுத்துத் திரும்பக் கொடுத்தால்தான் அடங்கும். ஒப்டிபூட் எனும் பூட்லோடர் ஏற்றிய போர்ட்டில் இந்தத் தொல்லை இல்லை.

8. அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம்

மல்டிமீற்றரின் மைக்ரோ அம்பியர் வரிசையை நேரே தொடராகப் போட்டால், சிப் விழிக்கும் கணத்தில் மீற்றருக்குள்ளேயே வோல்ற்றளவு விழுந்து சிப் ரீசெட் ஆகிவிடக்கூடும். நல்ல மீற்றர் தேவையில்லாத வழி ஒன்று உண்டு. பற்றரியின் மறைக்கம்பியில் 100 ஓம் தடையியைத் தொடராகப் போடுங்கள். மலிவு மஞ்சள் மீற்றரை 200 மில்லிவோல்ற்றில் வைத்துத் தடையியின் இரு முனையிலும் பிடியுங்கள். 0.5 என்று காட்டினால் 5 மைக்ரோ அம்பியர். 100 என்று காட்டினால் 1 மில்லியம்பியர், எல்.ஈ.டி. எங்கோ எரிகிறது. 10 முதல் 30 வரை காட்டினால் ஏ.டி.சி.யையும் ரெகுலேற்றரையும் சந்தேகியுங்கள். 0.1 ஐ விடச் சின்னதை இந்த மீற்றரால் பிரிக்க முடியாது, நமக்குத் தேவையும் இல்லை.

அளக்கும்போது சீரியல் அடாப்டரின் எல்லாக் கம்பியையும் கழற்றுங்கள். அதன் டி.எக்ஸ். கம்பி வழியாகவே சிப்புக்குள் கரன்ட் கசிந்து, மீற்றர் பொய் சொல்லும்.

0.5 க்கும் 1 க்கும் இடையில் வந்துவிட்டால் சரி. காகிதத்தில் 2000 ஐப் பிரித்தால் இருபது வருடம் என்று வரும், அதை நம்ப வேண்டாம். அதற்கு எவ்வளவோ முன்னர் அல்கலைன் பற்றரி தானாகவே கெட்டு ஒழுகும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. நேரம் பிசகினால்

வாட்ச்டாக்கின் ஒசிலேற்றர் வெப்பத்துக்கும் வோல்ற்றளவுக்கும் ஏற்ப ஓடும். பத்து வீதம் பிசகினால் ஒரு நாளில் 2.4 மணித்தியாலம், 42 நாளில் நான்கு நாளுக்கு மேல். மத்தியானத்து ஈரத்தையும் விடியப்புறத்து ஈரத்தையும் ஒப்பிட நினைத்தால் எழுதியது ஒன்றுக்கும் உதவாது. தண்ணீர் விட வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் பார்ப்பவர் இந்தப் படியை விட்டுவிட்டுப் போகலாம்.

துல்லியம் வேண்டுபவருக்கு டி.எஸ்.3231 கடிகார மொடியூல். 0 முதல் 40 பாகை செல்சியசுக்குள் பிசகு மில்லியனுக்கு 2, வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவு. அதன் அலாரம் கால் தாழும்போது சிப் எழும்பும், 8 செக்கன் எண்ணிக்கையும் தேவையில்லை, வாட்ச்டாக்கை அணைத்துவிடலாம். விலையாகக் கொடுப்பது நித்திரை மின்னோட்டம்: 170 மைக்ரோ அம்பியர் வரை எடுக்கலாம். அப்போதும் 2000 மில்லியம்பியர் மணி ஒரு வருடத்தைத் தாண்டும்.

இதில் மூன்று பொறி. அலாரம் அடித்ததும் அதன் கொடியை நீங்களே அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் கால் தாழ்ந்தே கிடக்கும், அடுத்த அலாரம் தெரியாது, மொடியூலில் உள்ள 4.7 கிலோ ஓம் தடையி வழியாக 1 மில்லியம்பியரும் வீணாகப் போகும். இரண்டாவது, பவர்-டவுனில் இருந்து எழுப்பும் இன்டரப்டைத் தாழ்நிலை என்று அமையுங்கள், இன்டரப்ட் செயற்கூறுக்குள்ளேயே முதல் வேலையாக அதைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் கால் தாழ்ந்திருக்கும்வரை அதே செயற்கூறு திரும்பத் திரும்ப ஓடும். மூன்றாவது, சந்தையில் கிடைக்கும் நீல மொடியூலில் பொத்தான் பற்றரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும். சாதாரண சி.ஆர்.2032 ஐப் போட்டால் அது சார்ஜ் ஏற்றப்பட்டு வீங்கும், கசியும். டயோட்டோடு இருக்கும் 200 ஓம் தடையியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். அதிலுள்ள எல்.ஈ.டி.க்கும் நான்காம் படிதான்.

10. காணியில் வைக்கும்போது

வீட்டில் ஒரு கிழமை ஓடவிடுங்கள். எண்ணிக்கையை 450 க்குப் பதில் 2 ஆக வைத்துச் சோதித்திருந்தால் திரும்ப 450 ஆக்க மறக்க வேண்டாம். மணிக்கு ஒரு பைட் என்ற கணக்கில் 168 பைட்டுக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். வாட்ச்டாக்கில் ஓடுபவர்கள் கூடக் குறைய பதினேழு வரை வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

பெட்டி வெளிர் நிறமாக, நிழல் பக்கமாக இருக்கட்டும். வன்னி வெயிலில் கறுப்புப் பெட்டிக்குள் பற்றரிதான் முதலில் வாடும். கம்பி நுழையும் துளையைக் கீழ்ப்பக்கமாக வைத்து சிலிக்கனால் அடையுங்கள், மழையை விட எறும்புதான் முதலில் வரும். ஈரப்பத சென்சரில் கோடு போட்ட அளவுக்கு மேல் இருக்கும் மின்னணுப் பகுதிக்கு வார்னிஷோ நகப்பூச்சோ பூசி, காய்ந்த பிறகு ஊன்றுங்கள். காலபோக மழை ஐப்பசியில் தொடங்குமுன் வைத்துவிட்டால் மண் காய்ந்திருக்கும் அளவும் ஊறிய அளவும் உங்கள் காணிக்கே உரியதாகக் கிடைக்கும், பிறகு ஒப்பிட அதுதான் உதவும்.

ஈப்ரொம் நிறைய 42 நாள். ஐந்தாவது கிழமையிலேயே போய் எடுங்கள். எடுக்கும்போது பற்றரியைக் கழற்றாமல் சீரியலின் மறை, ஆர்.எக்ஸ்., டி.எக்ஸ். மூன்றை மட்டும் மாட்டுங்கள். அடாப்டரின் வி.சி.சி. கம்பியையும் சேர்த்து மாட்டினால் அல்கலைன் பற்றரிக்குள் கரன்ட் திரும்பி ஏறும். டி.டி.ஆர். மாட்டியிருந்தால் சீரியல் திறந்ததும் சிப் ரீசெட் ஆகி எண்ணிக்கை போய்விடும், அதனால்தான் அதை விடச் சொல்கிறேன்.